சகலை பக்கத்துக் காளான்

பூட்டு பழுது பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் மூலதனம். உலகத்தில் எல்லோரும் யோக்கியம் என்று நம்பியிருந்தால் நம் பூட்டுக்காரர் எப்போதோ கடையை இழுத்து மூடியிருப்பார். அதனால், தோட்டத்தில் சகலை பக்கத்துக் காளான் சாப்பாட்டுத் தட்டு அகலமும் தன் பக்கத்துக் காளான் சட்டைப் பொத்தான் அகலமும் இருப்பதைக் கண்டதும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

மாமனார் விட்டுப்போன வீட்டை நடுவில் தடுத்து, அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு பாதியில் குடியிருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் தொலைதூர லாரி ஓட்டுகிறவர். தங்கை வீட்டுக்காரர்தான் பூட்டுக்காரர். பின்னால் தோட்டத்துக்குக் குறுக்கே ஒரு சுவர், அதில் ஒரு சின்னக் கதவு. ஒரு புயலில் பெரிய மரமொன்று அந்தச் சுவர்மேல் சாய்ந்து, பாதி இங்கேயும் பாதி அங்கேயுமாகப் படுத்துக்கொண்டது. 'வேர் உங்க பக்கம், நீங்க எடுங்க' என்று ஒருவரும், 'கிளை உங்க பக்கம், நீங்க எடுங்க' என்று மற்றவரும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்ததில் மரம் மட்கியே போயிற்று. மழை வந்ததும் அதில் காளான் முளைத்தது. மாமனார் காலத்திலிருந்து காட்டில் பறித்துச் சாப்பிட்டுப் பழகிய அதே காளான்.

ஒரே மரம், ஒரே மழை, ஒரே காளான். அளவு மட்டும் எப்படி வேறாகும்?

அந்தப் பக்கத்துக் காளானின் அளவைப் பற்றிப் பொய் சொல்லத் தேவையில்லை. தூறலின்போது ஒரு பூனை மூன்று குட்டிகளோடு ஒரே காளானுக்கடியில் ஒதுங்கியதைப் பூட்டுக்காரர் கண்ணால் பார்த்தார். நான்காவது குட்டிக்கும் இடமிருந்தது. அது மரியாதைக்காக வெளியே நின்றது.

"உங்க அக்கா வீட்டுக்காரர் ஏதோ மருந்து வைக்கிறாரு," என்றார் மனைவியிடம்.

"மாமா வீட்டுக்கு வர்றதே எப்பவோ ஒரு நாள். வந்தாலும் குறட்டைதான். தூக்கத்துலயா மருந்து வைப்பாரு?"

"அதான் சொல்றேன். அவ்வளவு தூங்குற ஆளு எதையோ மறைக்கிறாருன்னு அர்த்தம்."

அதனால் அவர் தன் பங்கில் கண்ணும் கருத்துமாக இருந்தார். விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் போய், தலைகாட்டிய காளானையெல்லாம் சகலை கைக்குச் சிக்குமுன் பறித்துவிடுவார்.

லாரி வந்து நின்ற ஒரு நாளில் சகலையையே மடக்கினார்.

"சகலை, உண்மையைச் சொல்லிடுங்க. என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே, சகலை."

"ஒண்ணும் பண்ணாமலா இப்படி வளருது?"

"வளர்ந்திருக்கே," என்று கொட்டாவி விட்டார் அவர்.

இதற்குமேல் என்ன வாக்குமூலம் வேண்டும்? சுவரிலிருந்த கதவைச் செங்கல் வைத்து அடைக்கக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டார். கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு வார முடிவில் வருவதாக அவர் ஒப்புக்கொண்டார். மனைவி சண்டை போடவில்லை. "அடைங்க. ஆனா நான் எந்தப் பக்கம் இருப்பேன்னு மட்டும் யோசிச்சுக்குங்க. அக்காகிட்ட ஒரு வேளை பேசலேன்னா எனக்குத் தண்ணிகூட இறங்காது," என்றாள்.

ஆனால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் அவளே வாயை மூடிக்கொள்வாள் அல்லவா? தன் பக்கத்துக் காளானைப் பறிக்காமல் பொறியாக விட்டுவைத்தார். சமையலறை ஜன்னலோரம் பூட்டுகளைப் பரப்பிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். ஒருத்தரும் வரவில்லை. பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அதையும் அவர் மனசில் குறித்துக்கொண்டார். இதற்கிடையில் பொத்தான் டீ கிளாஸ் வாயளவாயிற்று. பிறகு சாசராயிற்று. வார முடிவில் சாப்பாட்டுத் தட்டு.

"பார்த்தியா!" என்று கிசுகிசுத்தார். "அவரோட காளானையெல்லாம் கொண்டுவந்து நம்ம பக்கம் ஒட்டிட்டாரு. நான் கண்டுபிடிச்சது தெரிஞ்சுபோச்சு."

"மாமாதான் லாரியோட போயிட்டாரே!"

"ஆள் வெச்சிருப்பாரு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "முளைச்ச அன்னிக்கே பறிச்சா பொத்தான்தான் கிடைக்கும். அங்க அக்கா பறிக்க அவசரப்படல, அது பாட்டுக்கு வளர்ந்துச்சு. தொட்டில்ல கிடக்குற பிள்ளையைத் தூக்கிட்டு வந்து, இது ஏன் குள்ளமா இருக்குன்னு கேட்பீங்களா? அந்த ஓரத்துல வெயில்ல நிக்கிறதைப் பாருங்க. ஈரம் பத்தாம இன்னும் பொத்தானாவே நிக்குது. அதையும் மாமாவா அமுக்கிப் பிடிச்சிருக்காரு?"

விளக்கம் கச்சிதமாக இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது. முதல் திருப்பிலேயே கச்சிதமாகத் திறக்கும் சாவி கள்ளச்சாவி என்பது அவர் அனுபவம்.

கொத்தனார் செங்கலோடு வந்துவிட்டார். மனைவி கதவைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். அக்கா ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள்.

"கட்டுங்கண்ணே. நான் இங்கயே இருந்துக்கிறேன்," என்று தங்கை அதில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பூட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மறுபடி ஏதோ காதில். மறுபடி சிரிப்பு. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கொத்தனாரே, நிறுத்துங்க."

"ஏன், என்னாச்சு?"

"சுவரை அடைச்சுட்டா அந்தப் பக்கம் நடக்குறது எனக்கு எப்படித் தெரியும்?"

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். "இந்தக் கதவும் மறைக்குதே. இதையும் கழட்டிடட்டுமா?"

பூட்டுக்காரர் யோசித்தார். "கழட்டிடுங்க."

கதவைக் கழற்றிச் சுவரில் சாத்தியதும் மனைவி எழுந்து, நிதானமாகத் தன் பக்கம் வந்தாள்.

"அப்படி என்ன பேசினீங்க?" என்று கேட்டார்.

"காளானைப் பத்திதான்," என்றாள்.

அவர் நம்பவில்லை.