சேலத்து அக்கா

சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு மவுஸை வெளியே எடுப்பதற்குள் ஹம்சவேணிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. புருஷன் துளசிராம் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். தயிர்சாத டப்பா ஒரு பக்கம் சாய்கிறது. செருப்பு மாட்டிய காலோடு வாசலில் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி இழுபறி. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை எடுத்துப் போடுகிற மனிதர். வருகிறவர்கள் நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு எதுவும் எடுக்காமல் போனால்கூட முகம் சுளிக்கமாட்டார். பொறுமையெல்லாம் கடையோடு சரி.

"ஒரு நாள் வெச்சுட்டுப் போங்கன்னா என்னமோ கிட்னியக் கேட்ட மாதிரி பதறுறீங்க!"

"நான் இல்லாதப்ப அது ஓடக்கூடாதுன்னுதான எடுத்துட்டுப் போறேன்."

"ஏன், நான் இல்லையா வீட்டுல? நான் என்ன கொலு பொம்மையா?"

கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து இதுதான் கூத்து. காலையில் கடைக்குக் கிளம்பும்போது மவுஸைக் கழற்றி, வாலைச் சுற்றி, டிபன் கேரியர் மேல் வைத்துக்கொண்டு போய்விடுவார். ராத்திரி அவர் திரும்பி வந்து மாட்டிய பிறகுதான் கம்ப்யூட்டர் ஓடும். மகளைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி அது. கடையில் இருக்கும் பையன்கள், "அண்ணே, இன்னிக்கு எலிக்கும் சேத்தா சாப்பாடு?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். அதையும் வீட்டில் வந்து பெருமையாகச் சொல்லுவார். ஹம்சவேணி தலையில் அடித்துக்கொள்வாள்.

அவர்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். கொஞ்சல், கேலி, கணக்கு வழக்கு எல்லாம் அதில்தான். கோபம் வந்தால் மட்டும் ஹம்சவேணிக்குத் தமிழ்தான் வரும். திட்டுவதற்குத் தமிழ் மாதிரி தோதான பாஷை இல்லை என்பது அவள் கட்சி. கொஞ்ச நாளாக அந்த வீட்டில் தமிழ்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் இந்துப்ரியா பத்தாம் வகுப்பு. ப்ராஜெக்ட் செய்ய வேண்டும், எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று அழுது அடம்பிடித்து வாங்க வைத்தாள். வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஊரே புத்தி சொல்ல வந்தது. நாத்தனார் லலிதாம்பாள் வந்து உட்கார்ந்து, எங்கோ ஒரு பெண்ணின் போட்டோவை எவனோ எடுத்து எதிலோ போட்டுவிட்டான், கல்யாணமே நின்றுபோனது என்று காபி ஆறும்வரை சொன்னாள். எங்கே, எவன், எதில் என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு ஹம்சவேணிக்குச் சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டரை மாட்டிக்கொடுத்த அடுத்த தெரு சாய்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டாள். "ஆன்டிவைரஸ் போட்ருக்கேன்க்கா. ஒரு பய உள்ள வர முடியாது," என்றான். எந்தப் பயலைச் சொன்னானோ. அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு நிம்மதியானாள்.

அதோடு விடவும் இல்லை. கம்ப்யூட்டரைக் கூடத்தில், தன் தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னாள். அவள் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறவள். காலை முதல் படுக்கப் போகும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். திரை எப்போதும் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று ஏற்பாடு. பட்டது. அதில் என்ன ஓடுகிறது என்பதுதான் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தாக வரி வரியாக மேலே போய்க்கொண்டிருக்கும். படிப்பு சம்பந்தமாக என்றால் நல்லதுதானே என்று ஊசியைக் கோத்துக்கொள்வாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் போட்டாள். பேசுவதானால் நம்மவர்களோடு மட்டும். சௌராஷ்டிரர்களுக்கென்றே நெட்டில் ஒரு குழு இருப்பதாக இந்துதான் சொன்னாள். மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம், அமெரிக்கா வரைக்கும் ஆட்கள். இது போதாதா? அதிலும் எவரை வேண்டுமானாலும் விட்டுவிட முடியுமா? புதிதாக யார் பேச வந்தாலும் ஹம்சவேணி மிஷினை நிறுத்திவிட்டு வந்து பரீட்சை வைப்பாள். அவள் கேட்கக் கேட்க இந்து நம் பாஷையையே இங்கிலீஷ் எழுத்தில் தட்ட வேண்டும். எந்த ஊர், வீட்டுப் பேர் என்ன, கோத்திரம் என்ன, யாருடைய பேத்தி. கல்யாணத்துக்கு விசாரிக்கிற அதே வரிசை. கடைசியாக ஒரு கேள்வி: புளியோதரையை உங்கள் வீட்டில் என்ன பேர் சொல்லுவீர்கள்? வெளி ஆள் என்றால் அதில் மாட்டிக்கொள்வான். இரண்டு பேர் அப்படித்தான் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். அன்று இரவு துளசிராமிடம் அவள் பேசிய பேச்சைக் கேட்க வேண்டுமே! உங்கள் எலி செய்யாததை என் புளியோதரை செய்தது என்றாள்.

சேலத்து ரம்யா அந்தப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. காலேஜில் படிக்கிற பெண். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. புளியோதரையின் பேரைச் சொன்னதோடு, எங்கள் வீட்டில் கடைசியில் கொஞ்சம் வெல்லம் போடுவோம் என்று சேர்த்து வேறு எழுதியிருந்தது. ஹம்சவேணியின் அம்மாவும் போடுவாள். அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அத்தை என்று கூப்பிட்டது அந்தப் பெண். எங்கோ சேலத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பிள்ளை நம் பாஷையில் அத்தை என்கிறது!

அன்றிலிருந்து சேலத்து அக்கா வந்தாள் என்றால் மகளைவிட அம்மாவுக்குத்தான் உற்சாகம். இந்து எந்தப் பள்ளிக்கூடம், டியூஷன் எங்கே, எந்தெந்தக் கிழமை, வீடு எந்தப் பந்தடித் தெரு என்று எல்லாவற்றையும் தைத்துக்கொண்டே சொல்லுவாள், மகள் தட்டுவாள். சித்தப்பா மகள் கல்யாண சிடியிலிருந்து, தாவணியில் இந்து நிற்கிற போட்டோக்களை அனுப்பச் சொன்னதும் அவள்தான். அக்காவுக்கு ஒரு அண்ணன் இருப்பதாகத் தெரிந்தது. காலம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு, அதை யாரிடமும் சொல்லவில்லை.

இவ்வளவும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் இந்தக் கழுதைக்குப் புத்தி கெட்டுப்போனது. கொஞ்ச நாளாகக் கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். ஆன் செய்தால் 'டொய்ங்' என்று சத்தம் வரும், அக்கா எழுதுகிற பெட்டி திரையில் தானாகத் திறந்துகொண்டு குலுங்கும். இவள் தலைவலி, வயிற்றுவலி என்று எழுந்து போய்விடுவாள். டியூஷனுக்கும் போகமாட்டேன் என்று நேற்று ஒரு புது வம்பு. பரீட்சை வருகிறது! அழுது வாங்கின சாமான் தூசி படிந்து கிடக்கிறது. போன வாரம் ஒரு நாள் பெட்டி குலுங்கியபோது ஹம்சவேணியே பிடித்து உட்கார வைத்துக் கேட்டதில், அக்கா ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றம் கோயிலுக்கு வருகிறார்களாம், என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம் என்று முணுமுணுத்துவிட்டு ஓடினாள். நாளைக்கு ஞாயிறு. வருகிறவர்களை வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டாமா? அதற்காகத்தான் இன்று மவுஸுக்கு இந்த மல்லுக்கட்டு.

துளசிராம் கடைசியில் பையின் காதை விட்டார். "என்னமோ பண்ணுங்க. நான் சொன்னா யாரு கேக்கா?" என்று போய்ச் சேர்ந்தார்.

"இந்து! வா இங்க."

அவள் சமையலறை வாசற்படியில் நின்றாள். குளித்த தலையைத் துவட்டக்கூட இல்லை.

"வந்து உக்காரு. வீட்டு நம்பர் போடு, நாளைக்கு மத்தியானம் சாப்பிட வரணும்னு போடு. அம்மாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு. பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வருவாருன்னு போடு."

"வேண்டாம்மா."

"என்னடி வேண்டாம்? அந்தப் புள்ள எம்புட்டு மரியாதையாப் பேசுது. நீ பதில் கூடப் போட மாட்டேங்கிற. நாளைக்கு நம்ம வீட்டப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"அவங்க வரமாட்டாங்கம்மா."

"ஏன் வரமாட்டாங்க? நீயே சொல்லிட்டியா வராதீங்கன்னு?"

"அக்கான்னு யாரும் இல்லம்மா."

ஹம்சவேணிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் நேராகச் சொல்லாது. "இல்லன்னா? செத்தா போயிட்டாங்க?"

"அது ஆம்பளம்மா."

தெருவில் பழைய இரும்புக்காரன் கூவிக்கொண்டு போனான். ஹம்சவேணி கையில் மவுஸோடு நின்றாள்.

"யாரு சொன்னா?"

"அவனே சொன்னான். இப்ப ஒளிக்கிறதுகூட இல்ல. கேமரா வாங்கி மாட்டச் சொல்றான். நான் மாட்டேன்னா... நீ அனுப்பச் சொன்னீல்ல அந்த தாவணி போட்டோ, அத வெட்டி வேற எதுகூடயோ ஒட்டி வெச்சிருக்கான். ஸ்கூல்ல எல்லாருக்கும் அனுப்புவேங்கிறான்."

"ஸ்கூலு அவனுக்கு எப்படிடி தெரியும்?"

இந்து அம்மாவையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீ சொன்ன, நான் டைப் அடிச்சேன்," என்றாள்.

அப்போதும் ஹம்சவேணியின் வாய் சும்மா இருக்கவில்லை. "அதெப்படி? நம்ம பாஷை பேசுறாங்களேடி! கோத்திரம் சொன்னாங்க. வெல்லம் போடுவோம்னு சொன்னாங்க!"

"அவனும் நம்ம ஆளுதாம்மா. அவங்க வீட்டுலயும் வெல்லம் போடுவாங்களா இருக்கும்."

ஹம்சவேணி தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. மகளை நாலு அறை அறைந்தால் தீரும் போலிருந்தது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தாள். அன்றைக்கே சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா என்று அவளுக்கே தோன்றியது. போன வாரம் இவள் தலைவலி என்று எழுந்தபோது, திமிர் பிடித்தவளே, பெரியவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்லத் தெரியாதா என்று தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தது இந்தக் கைதான்.

"இதெல்லாம் எப்ப எழுதுவான்?"

"எப்பவும்தான். நீ பக்கத்துல உக்காந்து தச்சுக்கிட்டு இருப்பியே, அப்பல்லாம்."

"நான் பாத்துக்கிட்டேதானடி இருந்தேன்!"

"ஆமா. சிரிச்சுக்கிட்டு, அக்கா என்ன சொல்றாங்கன்னு கேப்ப. நான் சாப்பிட்டியான்னு கேக்குறாங்கன்னு சொல்லுவேன்."

ஹம்சவேணி எழுந்து சுவரில் இருந்த ஸ்விட்சை அணைத்தாள். திரை இருண்டது. இந்துவுக்கு அழுகைக்கு நடுவே ஒரு சலிப்பு வந்தது. "அத அணைச்சா என்னம்மா ஆகும்? அது நம்ம வீட்டுல இல்ல. அவன்கிட்ட இருக்கு." இதே எரிச்சலோடுதான் அவள் ஒரு காலத்தில், மவுஸ் இல்லாவிட்டாலும் கீபோர்டிலேயே எல்லாம் செய்யலாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

"அப்பாட்டச் சொல்லாதம்மா. ஸ்கூல விட்டே நிறுத்திருவாரு."

நிறுத்தித்தான் விடுவார். கனெக்‌ஷனை வெட்டுவார், படிப்பை வெட்டுவார், அடுத்த முகூர்த்தத்தில் எவனுக்காவது கட்டிவைக்கப் பார்ப்பார். அந்தப் போட்டோ அங்கேயேதான் இருக்கும். போலீஸுக்குப் போனால் கேட்பார்கள், என்னம்மா எழுதியிருக்கான் என்று. பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். டியூஷன் வாசலில் ஒருத்தன் நாளை மறுநாள் வந்து நின்றால், இவன்தான் என்று எதை வைத்துச் சொல்வது?

ஸ்விட்சை மறுபடி போட்டாள். "மாட்டு இத," என்று மவுஸை நீட்டினாள். "அவன் எழுதினதெல்லாம் எடு. என்ன எழுதிருக்கான்னு படி."

இந்து மாட்டினாள், பெட்டியைத் திறந்து வைத்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்துகொண்டாள். "நான் படிக்கமாட்டேம்மா. உன் முன்னாடி முடியாது."

"என்னன்னே தெரியாம நான் யாருகிட்டப் போய் என்னத்தச் சொல்றது?"

"முடியாதும்மா..."

"சரி, தள்ளு. நான் படிக்கிறேன்."

அவள் அந்த நாற்காலியில் உட்காருவது அதுதான் முதல் தடவை. எட்டாவதோடு நின்ற படிப்பு. இங்கிலீஷ் வராது. ஆனால் எழுத்து தெரியும். இந்து ஒன்றாம் வகுப்பு படித்தபோது சிலேட்டில் கையைப் பிடித்து எழுத வைத்தவளே அவள்தான். இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததால் அது தனக்கில்லை என்று ஒதுங்கியே இருந்திருக்கிறாள். உள்ளே இருந்ததோ அவள் பாஷை. கூட்டிப் படித்தால் வந்துவிடும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே, சனியன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலைத் திரையில் வைத்தாள். முதல் வரி மெல்ல மெல்லக் கூடி வந்தது. சாப்பிட்டாயா என்று இருந்தது. அடுத்தது, உன் அம்மா எங்கே. அதற்கு அடுத்தது, பக்கத்தில்தான் இருக்கிறாளா, நல்லது.

நாலாவது வரி நீளம். ஹம்சவேணி ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாகக் கூட்டினாள். சத்தம் வந்தால்தான் அவளுக்குப் பொருள் வரும். முதல் வார்த்தை வாயிலிருந்து வெளியே வந்து விழுந்த பிறகுதான் அது காதில் கேட்டது. அவள் வயதுக்கு வந்தபோது அவள் அம்மாகூடக் கையால் ஜாடை காட்டிவிட்டு விட்ட வார்த்தை அது. இந்த நாற்பது வயது வரைக்கும், கட்டின புருஷனிடம்கூட, அவள் அதைச் சொன்னதில்லை. இப்போது பெற்ற மகள் பக்கத்தில் நிற்க, பட்டப்பகலில், தன் குரலில் சொல்லியாகிவிட்டது. முகம் எரிந்தது. ஆனாலும் விரலை எடுக்கவில்லை. அடுத்த வார்த்தைக்கு நகர்த்தினாள். அதையும் கூட்டினாள். அதற்கு அடுத்ததையும்.

"அம்மா, போதும். படிக்காத. அம்மா!"

இந்து பின்னாலிருந்து கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள். அந்த உள்ளங்கைக்குள் ஹம்சவேணியின் உதடுகள் அடுத்த எழுத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தன.