கண்ணாடியில் பார்த்த பறவை

ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள் இருந்தால் சண்டை அடுப்படியில்தான் பிறக்கும் என்பது பழைய கணக்கு. மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டில் அடுப்படி அமைதியாகவே இருந்தது. சண்டை பிறந்தது ஹாலில் கிடந்த சாப்பாட்டு மேஜையில். அதுவும் சாப்பாட்டுக்காக அல்ல.

அண்ணனும் தம்பியும் வேலைக்குக் கிளம்பியதும் ஓரகத்திகள் இருவரும் மேஜையைத் துடைத்துவிட்டு, எதிரெதிரே லேப்டாப்பைத் திறந்து உட்காருவார்கள். இருவருக்கும் ஒரே தொழில். கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இணையதளம் கட்டிக்கொடுத்துப் பராமரிப்பது. பெரியவள் அதில் பழம் தின்று கொட்டை போட்டவள். சின்னவள் கல்யாணமாகி வரும்போதே அதே தொழிலைக் கையோடு கொண்டுவந்தவள். ஒரே வீட்டுக்குள் இரண்டு மளிகைக் கடை திறந்தது போலத்தான்.

நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்று அண்ணனும் தம்பியும் கூடிப் பேசி, ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடலில் இரண்டு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஆண்பிள்ளைகளின் புத்திசாலித்தனம் அவ்வளவுதான். பேச்சு அதனால்தான் வந்தது. சின்னவளின் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் தட்டினால், விரலை எடுப்பதற்குள் வந்து நிற்கும். பெரியவளுடையதில் ஒரு வட்டம் செக்குமாடு மாதிரி சுற்றும். அவள் டீயை ஆற்றிக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப் வேறு வேறாக இருந்திருந்தால் அதன்மேல் பழியைப் போட்டு மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

உண்மையில் ரகசியம் ஒன்றும் இல்லை. "புதுப்பிக்கவா?" என்று பெரியவளின் பிரவுசர் மூலையில் சிவப்புக் குறியோடு பல மாதங்களாகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அவள் "பிறகு" என்பதையே தட்டிக்கொண்டிருந்தாள். எப்போதோ ஒரு தடவை அப்டேட் செய்தபோது பழகிய பொத்தான்கள் இடம் மாறிவிட்டனவாம்; அன்று பிடித்த கோபம். திறந்த டேப்களை மூடுகிற வழக்கமும் அவளுக்குக் கிடையாது. கூட்ட நேரத்துப் பேருந்தின் படிக்கட்டில் நிற்கிறவர்கள் மாதிரி அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொங்கும்.

சின்னவளோ, குறி வந்த உடனே தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துபோவாள். அவள் திரும்புவதற்குள் பிரவுசர் மூடித் திறந்து, குளித்து வந்த பிள்ளை மாதிரி பளிச்சென்று நிற்கும். பெரியவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பொறாமைக் கண்ணுக்கு வேண்டியது மட்டும்தானே தெரியும்? அவளுக்குத் தெரிந்தது தண்ணீர். வேலை நேரத்தில் ஒருத்திக்கு இவ்வளவு தாகம் எடுக்குமா என்று ராத்திரி கணவனிடம் ஆவலாதி சொன்னாள். அந்த மனுஷன் தூங்கிவிட்டிருந்தார்.

ஒரே ஒரு தடவை, கௌரவத்தை விழுங்கிக்கொண்டு கேட்டும் பார்த்தாள்.

"ஏம்மா, உன்னோடது மட்டும் எப்படி இப்படிப் பறக்குது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா," என்று சிரித்தாள் சின்னவள். "என் கைராசி."

சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சொல்லவில்லை. அவள் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. வந்த புதிதில், ஒரு விருந்தில் சொந்தக்காரர்கள் நடுவே, "இவளும் வெப்சைட் பண்றாளாம்" என்று பெரியவள் உதட்டைச் சுழித்ததை அவள் மறக்கவில்லை. போதாததற்கு, உறவில் யாருக்குக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் எல்லாரும் பெரியவளைத்தான் கூப்பிட்டார்கள். ஊரிலேயே பெரிய பல் டாக்டரின் தளமும் பெரியவள் கையில்தான் இருந்தது. சின்னவளுக்கு வாய்த்தவை ஒரு செருப்புக் கடையும் ஒரு தையல் வகுப்பும். ஆக, மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு புகைச்சல், அந்தப் பக்கம் ஒரு புகைச்சல். நடுவில் ஆறிக்கிடந்த டீ மட்டும்தான் சூடாகவில்லை.

இந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் போன் செய்தார். அப்பாயின்ட்மென்ட் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறதாம். வலியோடு வருகிறவர்கள் பொறுமை இழந்து பக்கத்துத் தெரு டாக்டரிடம் போகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து காட்ட வேண்டும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"உங்க வீட்டுலயே இன்னொருத்தரும் இந்த வேலை பாக்குறாங்களாமே?" என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டு வைத்தார்.

பெரியவளுக்குப் பல் டாக்டர் மயக்க ஊசி போடாமலே பல்லைப் பிடுங்கியது போல இருந்தது. அந்தத் தளம்தான் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அது கைமாறினால், அதுவும் எதிர் நாற்காலிக்கே மாறினால், அப்புறம் அந்த மேஜையில் எந்த முகத்தோடு உட்காருவது?

சின்னவளின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. மாமியாரின் விசேஷக் கோப்பைகள் அடுக்கியது, யாரும் அதில் குடித்ததில்லை. சின்னவளின் திரை அந்தக் கண்ணாடியில் அப்படியே விழும் என்பதைப் பெரியவள் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டாள். இப்போது கோப்பைகளை ரசிப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் பொடியாக, திரும்பித் தெரிந்ததால் படிக்க முடியவில்லை. ஆனால் பிரவுசரின் மேல் ஓரத்தில் ஒரு மஞ்சள் பறவைப் படம் தெரிந்தது. சின்னவள் அதைத் தட்டினால் ஒரு சின்னக் கட்டம் விரிந்து, பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஓடின. பக்கத்தில் எது சுணங்குகிறது, எந்தப் படம் கனக்கிறது என்று சொல்லும் கோடுகள். இப்படிப் பிரவுசரோடு மாட்டிக்கொள்கிற கருவிகளை அவர்கள் தொழிலில் எக்ஸ்டென்ஷன் என்பார்கள். 'இதுதானா உன் கைராசி' என்று பெரியவள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் சின்னவள் குளிக்கப் போன நேரத்தில் பெரியவள் இணையத்தில் அந்தப் பறவையைத் தேடினாள். இரண்டு மஞ்சள் பறவைகள் வந்தன. ஒன்று வலப்பக்கம் பார்த்தது, மற்றது இடப்பக்கம் பார்த்தது. கண்ணாடியில் அவள் பார்த்தது இடப்பக்கம் பார்த்த பறவை. சந்தேகமே இல்லை. அதைத் தட்டினாள். "நீங்கள் திறக்கும் எல்லாத் தளங்களையும் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி தருகிறீர்களா?" என்று கேட்டது. வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவன் கேட்டால் கொடுப்பாளா? பால்காரரையே சங்கிலி போட்ட கதவிடுக்கில் பார்த்துப் பேசுகிறவள் அவள். ஆனால் அன்றைக்கு அவசரமும் ஆத்திரமும் அல்லவா விரலில் இருந்தன? "ஆம்" என்று தட்டினாள்.

கோடுகள் வந்தன. இரண்டு நாள் தலை நிமிர்ந்து உட்கார்ந்தாள். பறவையின் பேச்சைக் கேட்டு அங்கே இங்கே தட்டிக்கொட்டி, பக்கம் கொஞ்சம் வேகமாகிவிட்டதாகவே நம்பினாள். மூக்கு கொஞ்சம் மேலேயே போயிருந்தது என்று கீழ்வீட்டில் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை பல் டாக்டர் வீடியோவில் வந்தார். பெரியவள் தன் திரையை அவருக்குக் காட்டி, அப்பாயின்ட்மென்ட் பக்கத்தைத் திறந்தாள். திறந்தது. நோயாளியின் பெயர் கேட்கிற இடத்துக்கு மேலே, நீளக் கூந்தலோடு ஒரு பெண் ஆடிக்கொண்டே வந்தாள். முப்பதே நாளில் வழுக்கையில் முடி வளர்க்கும் தைல விளம்பரம். கீழே ஒரு பெட்டி பாஸ்வேர்டைக் கேட்டது.

"என்னங்க இது," என்றார் டாக்டர், தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே. "நாம எப்போ முடி வளர்க்க ஆரம்பிச்சோம்?"

பெரியவள் மூடினாள், திறந்தாள். கூந்தல்காரி மறுபடியும் வந்து ஆடினாள். யோசித்துச் சொல்கிறேன் என்று டாக்டர் வைத்துவிட்டார்.

அடுத்து நடந்தது எதிர்வீடு வரைக்கும் கேட்டது. லேப்டாப்பைச் சின்னவள் பக்கம் திருப்பி, பெரியவள் கத்தினாள்.

"நீதானே பண்ணினே? ஒரே நெட்டு, ஒரே மேஜை. என் பாஸ்வேர்டு தெரிஞ்சவ வேற யாரு இருக்கா இங்க? டாக்டர் வேலை உனக்கு வேணும்னா வாய் திறந்து கேட்டிருக்கலாம்ல?"

சின்னவளின் முகம் வெளுத்தது. "சத்தியமா நான் தொடலக்கா" என்று தன் லேப்டாப்பில் அதே பக்கத்தைத் திறந்து காட்டினாள். அங்கே கூந்தலும் இல்லை, தைலமும் இல்லை. டாக்டர் மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். செய்தவள் திரையில் எப்படித் தெரியும் என்று பெரியவள் இன்னும் ஏறினாள். சோபாவில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், இங்கே கதை சூடாக ஓடுவதைக் கண்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

சின்னவள் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து பெரியவளின் திரையைக் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இந்தப் பறவையை எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஏன், நீ மட்டும்தான் வெச்சுக்கணுமா?"

"என்னோடது வலப்பக்கம் பாக்கும்க்கா. இது அதை மாதிரியே வேற எவனோ பண்ணின போலி. படத்தைத் திருப்பிப் போட்டிருக்கான். இதைப் போட்டா, சந்தேகம் வராம ரெண்டு நாள் சும்மா இருந்துட்டு, அப்புறம் நாம பாக்குற பக்கத்துலயெல்லாம் அவன் விளம்பரத்தை ஒட்டுவான். டாக்டர் தளத்துல ஒண்ணுமே இல்ல. உங்க பிரவுசர்லதான் இருக்கு." பறவையின் மேல் விரலை வைத்தாள். "ஆனா இடப்பக்கம் பாக்குற பறவையை நீங்க என்கிட்ட எப்படிப் பாத்தீங்க?"

பெரியவளின் கண்கள் அவளைக் கேட்காமலே கண்ணாடி அலமாரிக்குப் போயின. சின்னவளின் கண்களும் பின்னாலேயே போயின. அலமாரியில், யாரும் குடிக்காத கோப்பைகளுக்கு நடுவே, சின்னவளின் திரை பளபளவென்று தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் பறவை இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"நானும் கோப்பை மேல இவ்வளவு ஆசையான்னு நெனச்சேன்," என்றார் மாமியார்.

பெரியவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். சின்னவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. அந்தப் போலிப் பறவையை நீக்கினாள். இரண்டு நாளாகத் தட்டிய பாஸ்வேர்டுகளை எல்லாம் அது படித்திருக்கலாம், டாக்டரின் நோயாளிகளுடைய பெயர், போன் நம்பர் வரைக்கும் ஆபத்து என்று சொல்லி, தன் லேப்டாப்பை நகர்த்தி வைத்து, அதில் முதலில் பாஸ்வேர்டுகளை மாற்றச் சொன்னாள். ஆத்திரத்தில் செய்ததன் கனம் அப்போதுதான் பெரியவளுக்கு உறைத்தது.

"தப்பு என் மேலயும் இருக்குக்கா," என்றாள் சின்னவள், திரையைப் பார்த்துக்கொண்டே. "நீங்க கேட்டன்னிக்கே சொல்லியிருக்கலாம். அப்டேட் வந்தா உடனே போடுறேன். வேணாத டேப்பை மூடுறேன். எக்ஸ்டென்ஷன் மூணே மூணுதான் வெச்சிருக்கேன், அதுவும் யார் பண்ணினதுன்னு பாத்துட்டு. அவ்வளவுதான் கைராசி. நீங்க கஷ்டப்படுறதைப் பாக்கக் கொஞ்சம் நல்லா இருந்துச்சு. அதான் சொல்லல."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்பவே."

இந்தத் தடவை பெரியவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

சிவப்புக் குறியைத் தட்டிவிட்டு, சரியான பறவையை மாட்டிப் பார்த்தார்கள். பாதிச் சுணக்கம் பழைய பிரவுசருடையது. மீதி நோயாளிகளுக்கும் தெரிகிற சுணக்கம். சிவப்புக் கோடு போய் நின்ற இடம் டாக்டரின் சிரிப்பு. சுவரளவு பெரிய போட்டோவைக் கட்டைவிரல் அளவு இடத்தில் பெரியவள் திணித்திருந்தாள். குறைக்கவே கூடாது என்று டாக்டர் அடம்பிடித்து அனுப்பிய படம் அது. அதை அழகு கெடாமல் இளைக்கவைக்கும் வித்தை சின்னவளுக்குத் தெரியாது. பெரியவள் செய்து காட்டினாள். சின்னவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கிட்டே உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். பக்கம் சட்டென்று திறந்தது.

டாக்டருக்குப் போன் போடத்தான் பெரியவளுக்கு மனம் வரவில்லை. எவனோ கண்டவன் வேலை என்று சொல்லி நழுவிவிடலாம்தான். ஆனாலும் போட்டாள். யோசிக்காமல் கண்டதை மாட்டிக்கொண்டது தான்தான், நோயாளிகளின் விவரம் வெளியே போயிருக்கலாம், அவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று ஒளிக்காமல் சொன்னாள். மறுமுனையில் நல்ல திட்டு விழுந்தது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

"சொத்தைப் பல்லை மறைச்சு வெச்சு, முகம் வீங்கின பிறகு வர்றவங்களைத்தான் நான் தினமும் பாக்குறேன்," என்றார் கடைசியில். "நீங்க வீங்கறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. தளம் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா அந்த இன்னொருத்தரும் கூட இருந்து ஒரு கண்ணு வெச்சுக்கட்டும்."

போனை வைத்த பெரியவள் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேஜையின் அந்தப் பக்கம் போனாள்.

"கேட்டா என் மரியாதை குறைஞ்சிடும்னு நான் கேக்கல, சொன்னா உன் மதிப்பு குறைஞ்சிடும்னு நீ சொல்லல," என்றாள். "நடுவுல எவனோ ஒருத்தன் உள்ள வந்துட்டான். பொறாமைப்படுறவ கண்ணுக்கு எல்லாம் திரும்பித்தான் தெரியும். இனிமே எனக்குத் தெரியலன்னா உன் முகத்தைப் பாத்தே கேட்டுடறேன். கேக்காம எதையும் உள்ள விடக்கூடாது, கேட்டவங்களுக்கு ஒளிக்கவும் கூடாது. வீட்டுக்கும் அதான், இந்த டப்பாவுக்கும் அதான்."

இப்போது இருவரும் ஒரே பக்கம் உட்காருகிறார்கள். சிவப்புக் குறி வந்தால் இருவருமே தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துபோகிறார்கள். பொறாமை போய்விட்டதா என்றால், சின்னவளின் நாற்காலியில் புதிதாக ஒரு மெத்தை வந்திருக்கிறது. பெரியவள் அதை ஓரக்கண்ணால் பார்த்தது உண்மை. ஆனால் பார்த்த கையோடு, "இது எங்கே வாங்கினே?" என்று கேட்டும்விட்டாள். சின்னவளும் கடையின் பெயரைச் சொல்லிவிட்டாள்.