பட்டியலில் மாமனார் இல்லை

நான்கு மணிக்கு மருந்தக மேடம் என் மேசைக்கு வந்து நின்றார். மருத்துவமனையின் கணினிப் பிரிவு என்பது நான் ஒருத்திதான்.

"ஏம்மா, ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரைக்கு எச்சரிக்கை வந்திருக்கு. சிறுநீரகப் பிரச்சினையும் தலைசுற்றலும் இருக்கறவங்க போடவே கூடாதாம். ஆறு மணிக்கு அடுத்த மாத்திரை. அதுக்குள்ள போன் போட்டு நிறுத்தணும். பட்டியல் எடுத்துக் குடு."

எங்கள் டாக்டர்கள் நோயாளிக் குறிப்பு எழுதும் அழகு ஊரறிந்தது. ஒருவர் மாத்திரையில் தொடங்குவார், இன்னொருவர் தலைசுற்றலில். ரெகெக்ஸ் என்னும் தேடல் வாய்பாட்டில் மூன்று சொல்லையும் வரிசையாக எழுதி, நடுவில் எது வேண்டுமானாலும் வரலாம் என்று புள்ளி வைத்தேன். பத்தொன்பது பேர். வரிசை மாறினால் கண்ணை மூடிக்கொள்கிறது, சனியன்! 'குறிப்பின் தொடக்கத்திலேயே நின்று எட்டிப் பார், மாத்திரை இருக்கிறதா? நகராமல் மறுபடி பார், சிறுநீரகம்? மறுபடி, தலைசுற்றல்?' என்று மாற்றினேன். அறுபத்து மூன்று பேர். பெருமை பிடிபடவில்லை. அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் சுருக்கென்றது. எங்கள் மருத்துவமனையிலேயே வைத்தியம் பார்க்கும் என் மாமனாருக்கு இந்த மூன்றும் உண்டு. அவருடைய மாத்திரை டப்பாவை நிரப்புவதே நான்தான். பட்டியலை இரண்டு முறை பார்த்தேன். அவர் பெயர் இல்லை. பயந்துபோய் போன் போட்டேன்.

"மாமா, சாயங்கால மாத்திரையைப் போடாதீங்க."

"டாக்டர் சொன்னாராம்மா?"

"இல்ல. பட்டியல் எடுத்தேன்..."

"அதுல என் பேர் இருக்கா?"

"இல்ல."

"கம்ப்யூட்டர் இல்லேன்னா இல்லதானே? அப்புறம் எதுக்குப் போடக் கூடாது?"

பட்டியலில் ஏன் இல்லை என்று எனக்கே தெரியவில்லை. தயவுசெஞ்சு போடாதீங்க என்று கெஞ்சிவிட்டு வைத்தேன்.

அவருடைய குறிப்பைத் திறந்தேன். மூன்று சொல்லும் பளிச்சென்று இருந்தன, எழுத்துப் பிழைகூட இல்லை. அதையே நான் தட்டச்சு செய்து தேடினால் அகப்படுகிறது. அவருடையதில் தேடினால் இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒவ்வோர் எழுத்தாக அம்புக்குறியை நகர்த்தியபோது வாக்கியத்தின் நடுவிலேயே அது திடீரென்று கீழ் வரிக்குக் குதித்தது. அந்த டாக்டர் நாலு வார்த்தைக்கு ஒரு முறை என்டர் தட்டுகிறவர். என் புள்ளி வரி முடிந்ததும் நின்றுவிடும், அடுத்த வரிக்குப் போகாது. தாண்டிப் போ என்று ஓர் எழுத்தைச் சேர்த்தேன். தொண்ணூற்று ஒன்று. புதுப் பட்டியலை அனுப்பினேன்.

மேடம் ஓடி வந்தார். "இருபத்தெட்டு பேர் கூடியிருக்காங்களே! எப்படித் தெரிஞ்சுது?"

"என் மாமனார் பேர் இல்ல, அதனாலதான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மீதி இருபத்தேழு பேரை நான் தேடவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"இப்ப எல்லாரும் வந்தாச்சா?"

"தெரியல மேடம். இந்த மாத்திரை வாங்குன எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டுருவோம்."

"நானூறு பேரும்மா! மணி அஞ்சாகப் போகுது."

"பட்டியல்ல நீங்க கீழேயிருந்து வாங்க, நான் மேலேயிருந்து வர்றேன்" என்று போனை எடுத்தேன். முதல் பெயர் யாரென்றே எனக்குத் தெரியாது.