குழியிலிருந்து தூக்கிய கதவு

எங்கள் தீவில் கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவின் ஒரு பக்கக் கட்டை மேலும் கீழும் முளைபோல நீண்டிருக்கும். கீழ்முளை வாசற்கல்லில் குடைந்த குழியில் உட்காரும். மேல்முளை உத்தரத்தின் துளைக்குள் போகும். மேல்துளை மட்டும் மூன்று விரல் கூடுதல் ஆழம். ஏன் என்று பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் கதவைத் தூக்கியெடுத்து, குழியைத் துடைத்து ஆலிவ் எண்ணெய் விட்டு, நிலைக்குச் சுண்ணாம்பு பூசுவது நாங்கள்தான். அப்போது ஆண்கள் காப்பிக்கடையில் இருப்பார்கள்.

என் கணவர் ஸ்டாமாதிஸ் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்தவர். இந்த வீடு மூத்த மகளான எனக்கு அம்மா தந்தது. இதில் குடிவந்த மறு வருஷமே, வெளியே போகும்போது என்னை உள்ளே வைத்துக் கதவை வெளிப்பக்கம் சங்கிலியால் பூட்ட ஆரம்பித்தார்.

அந்த வியாழக்கிழமை என் தங்கை கலித்சா ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுகிறாள்.

"நாலு ஆம்பளைங்க பாக்க துறைமுகத்துல நின்னு அழணுமா? கடுதாசி போட்டுக்கோ."

"இனி எப்ப வருவாளோ. ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேங்க."

"சொல்லிட்டேன்ல."

சங்கிலி இழுபட்டது. அவர்மேல் கோபம் வந்தது. மூன்று வருஷம் இந்தச் சத்தத்தைக் கேட்டு அடங்கிக் கிடந்திருக்கிறேன். ஈஸ்டர் இல்லாத நாளிலும் கதவைத் தூக்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றாத என்மேலும் கோபம்தான்.

ரொட்டி அடுப்பின் இரும்புக் கம்பியைக் கதவுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். மேல்முளை துளைக்குள் ஏறியது, கீழ்முளை குழியைவிட்டு வந்தது. அடியை உள்பக்கம் இழுத்ததும் கதவு என் தோளில் சாய்ந்தது.

எதிர்வீட்டு ஃபோதினி அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி செவஸ்தி, ஈஸ்டருக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கே?"

"எனக்கு இன்னிக்கே வந்துடுச்சுக்கா."

ஓடினேன். கலித்சாவைக் கட்டிப்பிடித்து, நாலு பேர் பார்க்கவே அழுதேன்.

திரும்பியபோது ஸ்டாமாதிஸ் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கீழ்முளையை முதலில் குழியில் வைத்தால் மேல்முளை எப்படி நுழையும்? பூட்டு இன்னும் பூட்டியபடியே தொங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது.

"கதவ உடைச்சிட்டியேடி."

"ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். தள்ளுங்க, நான் மாட்டறேன். வெளிய நில்லுங்க."

உள்ளே போய் மேல்முளையை முதலில் ஏற்றினேன். கீழ்முளை குழியில் இறங்கியது. தாழ்ப்பாளைப் போட்டேன்.

"செவஸ்தி, திற."

"சாவி உங்க கையிலதான இருக்கு. பூட்டையும் சங்கிலியையும் கழட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. இது எங்கம்மா வீடு."