மூடிக்குள் எத்தனை வயர்

சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை, ஆறு வாரமாக ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் நடந்தது எது, நினைத்தது எது என்று கலந்துபோகிறது... மின் ஆய்வாளர் அலுவலகத்து பெஞ்சு, பக்கத்தில் மச்சினன், பதினைந்து வருஷமாக என்னோடு வயரிங் வேலை பார்ப்பவன், வலது கையில் கட்டு. அதைத் தூக்கிக் காட்டி, "இனிமே யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டியதில்ல மாமா" என்கிறான், சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. தையற்கூடத்தில் டிரான்ஸ்பார்மர் மாட்டியபோது கரண்ட் வெளியே போகும் கீழ்ப்பக்கத்துக்குத் தனி பிரேக்கர் வைக்க இடமில்லை, கரண்ட் உள்ளே வரும் மேல்பக்கத்து பிரேக்கரே போதும் என்று சொன்னது நான்தான், தப்பா அது? வெளியே வருவது இரண்டே வயர் என்றால் கீழே ஓடுவது அப்படியே மேலே தெரியும், மிஞ்சினால் பிரேக்கர் விழுந்துவிடும்... ஆனால் அவன் டிரான்ஸ்பார்மர் சுருளின் நடுவிலிருந்து மூன்றாவது வயரை இழுத்து இஸ்திரிப் பெட்டிகளுக்குக் கொடுத்துவிட்டான், சுமை முழுக்க ஒரு பாதியின் தலையில், அந்த வயரில் இரண்டு மடங்கு ஓடினாலும் மேலே இருக்கும் பிரேக்கருக்கு அது வழக்கமான சுமைதான். வயர் உருகிச் சொட்டியது, பிரேக்கர் அசையவில்லை, அதைப் பிடித்து இழுக்கப் போன மச்சினனின் உள்ளங்கை வெந்துபோனது.

உள்ளே கூப்பிட்டார்கள். ஆய்வாளர் காகிதத்திலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார், "டிரான்ஸ்பார்மருக்கு மூடி போட்டது நீங்கதானே? அப்ப உள்ள எத்தன வயர் இருந்துச்சு?" இரண்டு என்றால் பிற்பாடு திறந்து இழுத்த பழி அவனுக்கு, மூன்று என்றால் பார்த்தும் விட்ட பழி எனக்கு, உரிமம் போகும்... "ரெண்டு" என்றேன். சொன்ன பிறகுதான், அந்த மூடி லேசில் உட்காரவில்லையே, முழங்காலைக் கொடுத்து அழுத்தினேனே, இரண்டு வயருக்கு எதற்கு முழங்கால்? அன்றைக்கு அலுத்துப்போயிருந்தேன், வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது, பார்த்தேனா, பார்க்காமல் இருந்துவிட்டேனா... ஆய்வாளர் மச்சினனிடம் திரும்பினார். அவன் என்னைப் பார்த்தான். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவனுடைய உரிமம் போயிற்று. இப்போது ஒரு பெயிண்ட் கடையில் நிற்கிறான், மூன்று விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. தையற்கூடத்தில் கீழ்ப்பக்கத்துக்கும் தனி பிரேக்கர் வைத்தாயிற்று. நான் அதே வேலையில் இருக்கிறேன். வாராவாரம் அவன் எங்கள் வீட்டுக்கு வருகிறான், புத்தி எங்கடா போச்சு என்று அவனுடைய அக்கா இன்னமும் திட்டுகிறாள். அவள் திட்டும்போது மட்டும் அவன் என் பக்கம் திரும்புவதேயில்லை.