மண் தரையில் நின்ற லேத்து

பழனிவேல் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். தன் லேத்துப் பட்டறையின் சிமெண்டுத் தரை போன மழையில் பாளம் பாளமாக உடைந்துபோனதை மச்சானிடம் சொல்லிவிட்டார்.

சும்மா பேச்சுக்குத்தான் சொன்னார். நிச்சயதார்த்தப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் எதையாவது பேசித்தானே ஆகவேண்டும்? பழனிவேலின் மகள் ஸ்ரீமதியை, அவர் மனைவி மலர்க்கொடியின் அண்ணன் செந்தமிழ்செல்வனின் மகனுக்கே பேசி முடித்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். மச்சான் அன்றிலிருந்து சம்பந்தியும் ஆகிவிட்டார். மச்சானோடு மல்லுக்கு நிற்கலாம்; சம்பந்தியிடம் தலையை மட்டும்தான் ஆட்டலாம்.

செந்தமிழ்செல்வன் சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் கட்டடத் துறைப் பேராசிரியர். இருபது வருடம் சிமெண்டைப் பற்றியே பாடம் நடத்திவிட்டு, மண் வீடு பற்றிய மூன்று நாள் பயிலரங்கு ஒன்றுக்குப் போய்வந்ததிலிருந்து சிமெண்டுக்கு ஜென்ம விரோதி ஆகிவிட்டவர். வீட்டில் மட்டும் முகம் பார்க்கிற மாதிரி டைல்ஸ். அது பயிலரங்குக்கு முன்னால் போட்டதாம்.

"மண்ணு மூச்சு விடணும், மாப்ள. மண் தரைதான் போடறோம். நானே நின்னு போட்டுத் தரேன்."

"விடட்டும் மச்சான். ஆனா அது மேல ஒரு டன் லேத்து நிக்கணுமே?"

"இம்மாம் பெரிய சிதம்பரம் கோபுரம் எதும்மேல நிக்குது?"

கோபுரத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பழனிவேல் தோண்டிப் பார்த்ததில்லை. அதனால் பாயசத்தைக் குடித்தார்.

கடலூர் முதுநகரில் படகு விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டான ஷாஃப்டை லேத்தில் கடைந்து தருவது அவர் பிழைப்பு. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் யாரும் வலை வீசக் கூடாது என்பதால் எல்லாப் படகும் பழுது பார்க்கக் கரையேறும். அந்த இரண்டு மாத வேலைதான் வருஷம் முழுக்கச் சோறு. தடைக்காலத்துக்கு முன்னால் தரையைப் போட்டு லேத்தை நிறுத்திவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

சிமெண்டுப் பாளங்களைப் பெயர்த்துவிட்டு, செம்மண், மணல், சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பிசைந்தார்கள். வெல்ல வாசனைக்கு முதுநகர் எறும்புகள் அத்தனையும் வந்து சேர்ந்தன. செந்தமிழ்செல்வன் அவற்றை உயிர்ப்பன்மை என்று அழைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

பழனிவேல் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார். "லேத்துக்கு அடியில மட்டும் நாலு சட்டி கான்கிரீட்டு போட்டுக்கிறேனே மச்சான்?"

"பால்ல நாலு சொட்டு டீசல் ஊத்திக்கிறேன்னு சொல்ற மாதிரி இருக்கு, மாப்ள."

வீட்டில் மலர்க்கொடி அதற்குமேல். "அண்ணன் மனசு நோகாம நடந்துக்குங்க. ஆவணி வரைக்கும் வாயத் தெறக்காதீங்க."

"தடைக்காலம் வைகாசியோட முடியுதேடி."

"பொண்ணு வாழ்க்கை வைகாசியோட முடிஞ்சிடுமா?"

பழனிவேல் கான்கிரீட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

ஏப்ரல் நடுவில்தான் தரை போட்டு முடிந்தது. காய நாற்பது நாள். அதுவரை யாரும் கால் வைக்கக் கூடாது. லேத்து வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்த உறவுக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஷாஃப்டோடு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஷாஃப்டோடு போனார்கள். பரங்கிப்பேட்டைப் படகுக்காரன் சேரன் மட்டும் காத்திருந்தான்.

"ஜூன் பதினஞ்சு கடல்ல எறங்கணும் மாமா. ஒங்கள நம்பித்தான் இருக்கேன்."

மே கடைசியில் லேத்து உள்ளே போயிற்று. காலையில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நட்டநடுவில் நின்றது. மத்தியானம் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. பழனிவேல் லேத்தின் காலுக்கடியில் தகடு சொருகினார். மறுநாள் தகடும் சேர்ந்து மண்ணுக்குள் இறங்கியது. சேரனின் ஷாஃப்டைக் கடைந்து அளந்தபோது ஒரு முனை அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், கூடுதல் பருமனாக இருந்தது. மறுபடி கடைந்தார். இப்போது அடுத்த முனை.

சிதம்பரத்துக்குப் போன் போட்டார்.

"ரசமட்டம் பழசாயிருக்கும், மாப்ள. புதுசு வாங்குங்க."

புதுசு வாங்கினார். குமிழி அதே பக்கம்தான் ஓடியது.

ஜூன் பத்தாம் தேதி சேரன் ஷாஃப்டைத் தோளில் தூக்கிக்கொண்டான். "கோச்சுக்காதீங்க மாமா. புதுச்சேரில ஒருத்தரு ரெண்டே நாள்ல தரேன்றாரு." வாசல்வரை போனவன் திரும்பிப் பார்த்தான். "தரை சூப்பரா கீது மாமா. பாய் கூட வேணாம், அப்டியே படுத்துக்கலாம்."

அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பழனிவேலுக்குத் தாங்கவில்லை.

பதினைந்தாம் தேதி படகுகள் எல்லாம் கடலுக்குப் போயின. அடுத்த வாரம் சிதம்பரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பஸ் வந்தது. நாற்பது மாணவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் வருவதுபோல் வந்தார்கள். சிலர் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"பயன்படுத்தறவர் அனுபவத்தைக் கேப்போம்," என்று மைக்கை நீட்டினார் செந்தமிழ்செல்வன்.

பழனிவேல் மைக்கைப் பார்த்தார். அண்ணனைப் பார்க்க வந்திருந்த மலர்க்கொடியைப் பார்த்தார்.

"குளுகுளுன்னு இருக்குங்க," என்றார். கைதட்டினார்கள்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "சார், இந்த மெஷின் எதுக்கு இங்க இருக்கு? தரையே அமுங்குதே."

செந்தமிழ்செல்வன் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கிப்போனது. "கரெக்டா கேட்டம்மா. மாப்ள, இதை வெளிய எடுத்துருவமா? தரை பாழாவுது பாருங்க. பசங்களும் இருக்காங்க, ஒரு கை புடிப்பாங்க."

பத்துப் பதினைந்து பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு லேத்தைச் சூழ்ந்தார்கள். எங்கே பிடிப்பது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. ஒருத்தன் சக்கரக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான்.

"அத புடிக்காத தம்பி, ஒடிஞ்சிடும்," என்று பழனிவேல் பதறிப்போய்க் கிட்டே வந்தார். "அடியில புடி. இந்தப் பக்கம் கனம் ஜாஸ்தி, நாலு பேரு வாங்க. இருங்க, மொதல்ல நட்டைக் கழட்டித் தரேன்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மண் தரையில் முட்டி போட்டார்.