மார்கழி வெயில்

இன்னும் பத்தொன்பது மணித்தியாலம் இருந்தது. அதற்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் றோசலினை இணையத்தளத்திலிருந்து நீக்கப்போவதாக அதன் நிர்வாகி நொயல் மெல்பேண் வெரிபீயிலிருந்து அறிவித்திருந்தார். சிட்னியில், டூங்கபி வீட்டுக் குசினியில் இருந்தபடி யசிந்தா அதை நாலாவது தடவையாக வாசித்தாள்.

'அலைவாய் வீடு' என்ற ஒரே ஒரு வானொலி நாடகத்துக்கான இணையத்தளம் அது. எண்பத்துமூன்றாம் ஆண்டு ஜூலையில் கலவரம் வர, இருபத்தாறாம் பாகத்தோடு நாடகம் நின்றுபோனது. முடிவு கேளாமலே ஊரைவிட்டு வந்தவர்கள், இருபத்துநாலு வருடம் கழித்து மிச்சக் கதையைத் தாங்களே எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரிலும் நன்றாக எழுதியவர் 'மன்னார்ப்பெண்'. ஐம்பது வயதுக்காரரும் அவரை அக்கா என்றார்கள்.

அந்த அக்கா யசிந்தாதான்; வயது இருபத்துமூன்று. பகலில் ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கிற வேலை. அம்மா வைத்திருந்த நாடகத்தின் இரண்டு கசெட்டுகளைக் கேட்டுக் கேட்டே யசிந்தா அந்தத் தமிழைப் பிடித்திருந்தாள்.

போன கிழமை அவள் போட்ட பாகத்தில் மன்னாரில் கிறிஸ்து பிறந்த நத்தார்க் காலை. கதாநாயகி பூசைக்கு நடக்கிறாள்; தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. வாசித்து அழுதோம் என்று எழுபது பேர் எழுதினார்கள். இரண்டு வருடத்துக்கு முன்தான் மன்னாரிலிருந்து வந்த றோசலின் மட்டும் வேறு மாதிரி எழுதினார்.

"அக்கா, மார்கழியில எங்கட ஊரில மழையெல்லோ? நத்தாருக்குக் குடையோட போறனாங்கள்."

மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அந்த வெயில் இன்னும் என்ர முதுகில கிடக்கு. மழையாம்!"

"உமக்கு எந்த மன்னார்? கொழும்பிலயோ?"

"மண்ணைத் தெரியாததுகள் எல்லாம் மண்ணைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டிட்டுதுகள்."

றோசலின் தன் மன்னார் ஞானஸ்நானப் பத்திரத்தையே படமெடுத்துப் போட்டார். இப்படி ஒண்டை ஆரும் அச்சடிக்கலாம் என்றார் நொயல். இருபது நத்தாரை சிட்னியிலும் மெல்பேணிலும் கொண்டாடியவர்களுக்கு அந்த மழை காய்ந்துபோயிருந்தது.

"அம்மா, மார்கழியில அங்க வெயிலோ?"

செல்வராணி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "விசரே உனக்கு? முழங்கால் மட்டும் வெள்ளம் நிக்கும். நத்தாருக்கு வெயில் எறிக்கிறது இஞ்சதான்."

"ஏன் முந்தியே சொல்லேல்ல?"

"நீ எங்க எனக்கு வாசிக்கத் தந்தனீ?"

யசிந்தா நொயலுக்குப் போன் அடித்தாள். 'அலைவாய் வீடு' விசயம், மன்னார்ப்பெண் என்று தொடங்கியதுமே அவர் குறுக்கே விழுந்தார்.

"மன்னார்ப்பெண் அக்கா வீடோ? பிள்ளை, அம்மாட்டக் குடும்மா. அந்த மனுசியை நாளைக்குத் தூக்கிறன், அக்காவை ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாமெண்டு சொல்லும்."

குரல் குசினி முழுக்கக் கேட்டது. செல்வராணி கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"கொண்டா, நான் கதைக்கிறன்," என்றாள் மெதுவாக. "நான் மன்னார்தானே. ஆர் பாக்கப் போயினம்?"

யசிந்தா போனைப் பாதித் தூரம் கொடுத்துவிட்டாள். எழுபது பேர் அழுதிருந்தார்கள். இன்னும் ஒரு பாகம் எழுதினால் கதையும் முடிந்துவிடும். றோசலினை அவள் நேரில் கண்டதுகூட இல்லை.

"அக்காவோ?" என்றார் நொயல்.

அம்மாவின் விரல் படுவதற்குள் போனைத் திரும்ப இழுத்துக் காதில் வைத்தாள்.

"அங்கிள், மன்னார்ப்பெண் நான்தான். நான் பிறந்தது இஞ்ச சிட்னி பிளாக்ரவுணில. மன்னாரை ஒருநாளும் கண்ணால கண்டதில்லை."